வெளியூரிலிருந்து பூ அனுப்புவது எப்படி: உள்ளூர்ப் பூக்கடை வழியாக ஒரு வழிகாட்டி

பூவைப் பரிசாக அனுப்புவதில் மற்றப் பரிசுகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. புடவையோ புத்தகமோ எந்தக் கிடங்கிலிருந்து புறப்பட்டாலும் அதே பொருளாகத்தான் போய்ச் சேரும். பூ அப்படியல்ல. பெறுபவருடைய ஊருக்கு அன்று வந்து இறங்கிய சரக்கிலிருந்து எடுத்து, அந்த ஊரில் இருக்கும் ஒருவர் கையால் கட்டி, வாடுவதற்குள் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பொருள் அது. நீங்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், மதுரையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கான பூவைக் கட்டப் போகிறவர் ஒரு மதுரைக்காரர்தான். அவரைக் கண்டுபிடித்து, நேரடியாகப் பேசி, நினைத்த பூ நினைத்த நேரத்தில் போய்ச் சேரும்படி செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மதுரையில் அம்மாவுக்கும் கோவையில் பெரியம்மாவுக்கும் பல ஆண்டுகளாகப் பூ அனுப்பி வருவதால், எங்கே தவறும் எங்கே தவறாது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

பூ பயணம் செய்யாமல் ஆர்டர் மட்டும் பயணம் செய்யும் இந்த முறை புதிதன்று. 1908ஆம் ஆண்டிலேயே பெர்லின் நகரத்துப் பூ வணிகர் மாக்ஸ் ஹூப்னர் வெவ்வேறு ஊர்க் கடைகளை இணைத்து இப்படி ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1910இல் அமெரிக்கப் பூ வணிகர்கள் சேர்ந்து, ஒரு கடையில் வாங்கிய ஆர்டரைத் தந்தி மூலம் இன்னோர் ஊர்க் கடைக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். இன்று இணையத்தில் பூ விற்கும் தளங்களில் பலவும் செய்வது அதே வேலைதான். உங்களிடம் பணம் பெற்றுக்கொண்டு, தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு, மீதித் தொகைக்கு உள்ளூர்க் கடை ஒன்றிடம் கட்டச் சொல்கின்றன. கடைக்காரர் தம் கைக்கு வந்த தொகைக்குத் தகுந்த பூவைத்தான் வைக்க முடியும். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நானும் அப்படியொரு தளத்தில்தான் பதிவு செய்தேன். படத்தில் பன்னிரண்டு இளஞ்சிவப்பு ரோஜாக்களும் நடுவே வெள்ளை லில்லியும் இருந்தன. வீட்டுக்குப் போனது எட்டு ரோஜாவும் நாலைந்து ஜெர்பராவும், இடத்தை நிரப்புவதற்காகச் செருகிய ஏராளமான பச்சை இலையும். மதியம் இரண்டு மணிக்கு, வீடு பூட்டியிருந்ததால் வாசல் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா கோயிலிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது ரோஜாக்கள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. “நல்லாத்தாம்ப்பா இருக்கு” என்று அவர் தொலைபேசியில் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. அதன் பிறகு கடையோடு பேசாமல் நான் பூ அனுப்பியதே இல்லை.

கடையைத் தேடுவது

முதலில் உங்களுக்கு எந்த வகைக் கடை வேண்டும் என்று தெளிவாக இருங்கள். நம் ஊர்களில் பூக்கடை இரண்டு வகை. கோயில் வாசலிலும் சந்தை ஓரத்திலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் இருப்பவை சரமும் மாலையும் கட்டுகிற கடைகள். பெரிய மருத்துவமனைகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் அருகில், கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ப்பெட்டியோடு இருப்பவை பொக்கே கடைகள். மாலைக் கடைக்காரரிடம் லில்லிப் பூங்கொத்து கேட்டாலும், பொக்கே கடையில் அடர்த்தியாகத் தொடுத்த மல்லிகைச் சரம் கேட்டாலும், அவர்கள் வேறெங்கிருந்தோ வாங்கித்தான் தருவார்கள். இரண்டும் செய்கிற கடையும் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

அந்த ஊரில் உறவினரோ நண்பரோ இருந்தால் அவர்களிடம் கேட்பதே முதல் வழி. வீட்டு விசேஷத்துக்கு எங்கே மாலை வாங்கினார்கள் என்று கேட்டால் போதும், எண் கிடைத்துவிடும். யாரும் இல்லையென்றால் கைப்பேசி வரைபடத்தில், பெறுபவர் வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தேடுங்கள். கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு வாடிக்கையாளர்கள் எடுத்துப் போட்ட படங்களை மட்டும் பாருங்கள், ஏனென்றால் முன்னது பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்ததாக இருக்கும். தெரு முகவரி இல்லாமல், எந்த ஊரைத் தேடினாலும் அதே எண்ணும் அதே படங்களும் வருமானால் அது கடையன்று, இடைத்தரகர். சந்தேகமாக இருந்தால், “கடை எந்தத் தெருவில் இருக்கிறது, எதிரே என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள், உண்மையான கடைக்காரர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

பேசும் நேரமும் முக்கியம். விடியற்காலையில் அவர்கள் சந்தையில் இருப்பார்கள். அதன் பின் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கட்டிக் கொடுக்கும் அவசரம், மாலை ஐந்து மணிக்கு மேல் கடை வாசலில் கூட்டம். காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்று வரை அழைத்தால் பொறுமையாகப் பேசுவார்கள். இரண்டு நாள் முன்னதாகப் பேசிவிடுவது நல்லது.

என்ன கேட்பது

பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். இணையத்தில் பார்த்த ஒரு படத்தை அனுப்பி, “அப்படியே வேண்டும்” என்று கேட்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் பூ அந்த ஊருக்கு அன்றைக்கு வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. பொக்கேக்கான பூக்கள் தமிழகத்தின் எல்லா ஊரிலும் விளைவதில்லை. ரோஜா பெரும்பாலும் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. கார்னேஷன், லில்லி போன்றவற்றை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பசுமைக்குடில்களில் வளர்க்கிறார்கள். பெங்களூரு வழியாக வருவதும் நிறைய. இவை பெட்டி பெட்டியாக இரவுப் பயணம் செய்து வருவதால், எந்த நாளில் புதுச் சரக்கு இறங்கும் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். ஆகவே நான் முதலில் தொகையைச் சொல்லிவிட்டு, யாருக்கு, எதற்கு என்பதைச் சொல்லிவிட்டு, கேள்வியை அவரிடமே விடுகிறேன்.

“அண்ணே, அம்மாவுக்குப் பிறந்தநாள். உங்ககிட்ட இப்ப என்ன பூ புதுசா இருக்கு?”

“ரோஸ் முந்தாநாள் வந்தது தம்பி, அத வைக்க வேணாம். லில்லி மொட்டா இருக்கு, கார்னேஷன் இன்னைக்குத்தான் இறங்குச்சு. அதுல கட்டுறேன், ஒரு வாரத்துக்குக் குறையாம இருக்கும்.”

முந்தாநாள் ரோஜாவை வைக்க வேண்டாம் என்று அவரே சொன்னார் பாருங்கள், அப்படிச் சொல்கிறவரைத்தான் நீங்கள் தேட வேண்டும். எல்லாம் இருக்கிறது, எல்லாம் புதிது என்று சொல்கிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். நிறத்தை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், வேண்டாத பூ எதுவென்று சொல்லுங்கள், மீதியை அவர் கையில் விடுங்கள். சாயம் ஏற்றிய பூவும் ஜிகினாத் தூளும் வேண்டாமென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரோஜா புதிதா என்று பார்க்கக் கடைக்காரர்கள் செய்யும் ஒரு சோதனை உண்டு. பூவின் அடிப்பாகத்தில், காம்பு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்ல அழுத்துவார்கள். கெட்டியாக இருந்தால் புதிது, மெத்தென்று அமுங்கினால் பழையது. வெளி இதழ் ஒன்றிரண்டு ஓரம் பழுத்ததுபோல் இருப்பதைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம்; அவை உள்ளிதழ்களைக் காக்கும் இதழ்கள், பயணத்தில் அப்படி ஆகும், கிள்ளி எடுத்துவிட்டால் உள்ளே நன்றாக இருக்கும்.

எத்தனை நாள் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கார்னேஷனும் ஆர்க்கிட்டும் ஆந்தூரியமும் நம் ஊர் வெயிலையும் தாங்கி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும், கவனித்துக்கொண்டால் இரண்டு வாரம்கூட. ஜெர்பரா ஐந்தாறு நாள். ரோஜா கோடையில் மூன்று நான்கு நாள்தான். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடென்றால் கையில் பிடிக்கும் பூங்கொத்தைவிட, ஈரப் பஞ்சில் குத்திய பூக்கூடை நல்லது. பூச்சாடி தேட வேண்டியதில்லை, பிரித்து வெட்டி வைக்கும் வேலையும் இல்லை. அந்தப் பச்சைப் பஞ்சைக் கடையில் ஓயாசிஸ் என்பார்கள். தினமும் காலையில் அரை டம்ளர் தண்ணீரை அதன் மேல் ஊற்றச் சொல்ல வேண்டும். ஒரு முறை முற்றிலும் காய்ந்துவிட்டால் அது மறுபடி சரியாகத் தண்ணீர் குடிக்காது.

மல்லிகைச் சரம் அனுப்புவதானால்

என் அனுபவத்தில், நம் அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் பெரிய பொக்கேயைவிட நாலு முழம் மல்லிகைதான் அதிக மகிழ்ச்சி தருகிறது. பொக்கேயைப் பார்த்துப் பாராட்டுவார்கள். மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு, சாமி படத்துக்கும் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்கும் ஒரு முழம் கிள்ளிக் கொடுப்பார்கள்.

மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகவே பறிக்கிறார்கள். அன்று மாலையில் அது விரியும். எனவே அரும்பாக இருப்பதைத் தொடுத்து, மூன்று நான்கு மணிக்குள் வீட்டில் கொடுத்துவிட்டால், விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு முழுக்க மணக்கும். அதே சரம் இரவு எட்டு மணிக்குப் போனால் முக்கால்வாசி விரிந்து முடிந்திருக்கும். முழம் என்பது அளப்பவரின் கை நீளம் என்பதால் கடைக்குக் கடை மாறும். நெருக்கிக் கட்டிய முழத்துக்கும் இடைவெளி விட்டுக் கட்டிய முழத்துக்கும் பூ அளவில் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும். “நெருக்கமாக, வாழைநாரில் தொடுத்து, வாழையிலையில் மடித்துக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூ கறுத்துவிடும். ஈரம் தெளித்த இலைப் பொட்டலம் மணிக்கணக்கில் தாங்கும்.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, இதழ் தடித்து, காம்பு நீண்டு, மணம் கனத்து இருப்பது. அது மலிவாகக் கிடைப்பது பங்குனி, சித்திரை வெயிலில்தான். மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்து குறைந்துபோகும். தை பிறந்ததும் முகூர்த்தங்களும் சேர்ந்துகொள்வதால் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். அந்த நாட்களில் மல்லிகைக்காக அடம்பிடிக்காமல் பிச்சியோ முல்லையோ, கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் கலந்த கதம்பமோ கேளுங்கள். பொதுவாகவே முகூர்த்த நாள், ஆயுத பூஜை, பொங்கல் ஆகியவற்றுக்கு முந்தின நாட்களிலும், ரோஜாவுக்கு பிப்ரவரி 14ஐ ஒட்டிய வாரத்திலும் விலையும் அதிகம், கடைக்காரரின் கவனமும் சிதறியிருக்கும். உங்கள் நாள் அவற்றில் ஒன்றில் விழுந்தால் ஒரு வாரம் முன்பே பேசி, முன்பணமும் கொடுத்துவிடுங்கள்.

யாருக்கு எது

மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பூவை உள்ளே விடமாட்டார்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இருக்கும் பிரிவுகளிலும் அப்படித்தான். சாதாரண அறையென்றாலும் மணம் கனமான லில்லி, சம்பங்கி, மல்லிகை ஆகியவற்றைத் தவிர்த்து, மணம் அதிகமில்லாத கார்னேஷன், ஆர்க்கிட் என்று சிறிய கூடையாக அனுப்புங்கள். நோயாளி வீடு திரும்பிய மறுநாள் அனுப்பினால் இன்னும் நல்லது என்பது என் கருத்து. மருத்துவமனையில் வைக்க இடமும் இருக்காது, வீட்டுக்குத் தூக்கிச் செல்ல ஒரு சுமையும் கூடும்.

லில்லி கட்டச் சொன்னால், விரிந்த பூவின் நடுவிலுள்ள மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். அந்தப் பழுப்புத் தூள் பட்டுப்புடவையில் பட்டால் கறை எளிதில் போகாது. பட்டுவிட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காமல் ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். பூனை வளர்க்கும் வீட்டுக்கு லில்லி அறவே கூடாது, பூனைக்கு அது உயிர்போகும் நஞ்சு.

துக்க வீட்டுக்குப் பொக்கே அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. இந்துக் குடும்பம் என்றால் ரோஜா மாலையோ சம்பங்கி மாலையோ, கிறித்தவக் குடும்பம் என்றால் மலர் வளையமோ அனுப்பலாம். எடுக்கும் நேரத்தைக் கேட்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேரும்படி சொல்லுங்கள். கடைக்காரரிடம் முதல் வாக்கியத்திலேயே “துக்கத்துக்கு” என்று சொல்லிவிட்டால் ஜிகினாவும் வண்ண ரிப்பனும் இல்லாமல் கட்டுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணவரை இழந்த பெண்களைப் பூ வைத்துக்கொள்ள விடாத வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது ஒழிய வேண்டிய வழக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் முன்னறிவிப்பில்லாமல் நாம் அனுப்பும் சரம், நாலு பேர் பார்க்க அவர்களைச் சங்கடத்தில் நிறுத்திவிடக் கூடாது. பெரியப்பா போன பிறகு பெரியம்மாவிடம் நான் நேரடியாகவே கேட்டேன். “தலைக்கு வேண்டாம் கண்ணு, சாமிக்கு அனுப்பு, மேசையில வைக்கிற மாதிரியும் கொஞ்சம் அனுப்பு” என்றார். இப்போது அவருக்கு ஒரு சிறு கூடையும் படத்துக்குப் போடச் சரமும் போகின்றன.

முகவரி, பணம், கொடுக்கும் நேரம்

பேசி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே செய்தியாக வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். வாய்ச்சொல் கடைக் கூச்சலில் பாதி மறந்துபோகும். நான் எழுதும் முறை இதுதான்: “வெள்ளிக்கிழமை காலை 10 முதல் 11.30க்குள். கூடை, வெள்ளையும் மஞ்சளும், ரோஜா வேண்டாம். நெருக்கிக் கட்டிய மல்லிகை 4 முழம், வாழையிலையில். வாழ்த்து அட்டையில்: ‘அம்மாவுக்கு அன்புடன்.’ பூவின் தொகை இவ்வளவு, கொண்டுபோய்க் கொடுக்கும் கட்டணம் தனியாக இவ்வளவு. கட்டி முடித்ததும் ஒரு படம் அனுப்புங்கள்.” அட்டையில் எழுத வேண்டியதைத் தமிழிலேயே தட்டச்சு செய்து அனுப்புங்கள், சொல்லி எழுதவைத்தால் பெயர்களில் பிழை வரும்.

முகவரியில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் கொடுத்து, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும்: பிள்ளையார் கோயில், தண்ணீர்த் தொட்டி, பள்ளி வாசல் என்று எதுவாக இருந்தாலும் சரி. வரைபடக் குறியீட்டையும் அனுப்புங்கள். பெறுபவரின் எண்ணோடு, வீட்டிலுள்ள இன்னொருவர் அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணும் வேண்டும், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் அனுப்புவதுதான் பூட்டிய வீட்டுத் திண்ணையில் பூ வாடக் காரணமாகிறது. அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பார்களா என்பதை அப்பாவிடமோ தங்கையிடமோ மட்டும் கேட்டு வைத்துக்கொண்டால் ஆச்சரியமும் கெடாது. வெயில் ஏறும் முன் கொடுக்கச் சொல்லுங்கள். சாயங்காலத்துக்கான பூவென்றால் மூன்று மணிக்கு மேல்.

பணத்தை முன்பணமாகப் பாதி, படம் பார்த்த பிறகு மீதி என்று பேசிக்கொள்ளலாம். புதிய கடையென்றால் நான் அப்படித்தான் செய்கிறேன். யுபிஐயில் அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயர் கடைக்காரருடையதுதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் இருப்பவர்கள், அந்த நாட்டுக் கைப்பேசி எண்ணோடு, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான தங்கள் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கை இணைத்திருந்தால் யுபிஐ வழியாகவே செலுத்தலாம். கார்டு எண்ணைத் தொலைபேசியில் யாருக்கும் சொல்லாதீர்கள்.

பூ போய்ச் சேர்ந்த பிறகு

பெறுபவருக்குப் பராமரிப்பைச் சொல்லிக் கொடுப்பதும் அனுப்புகிறவரின் வேலைதான். பூங்கொத்தென்றால் சுற்றிய தாளைப் பிரித்து, காம்பின் நுனியைச் சாய்வாக ஓர் அங்குலம் வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு வைக்க வேண்டும். இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றி, ஒவ்வொரு முறையும் நுனியைச் சிறிது வெட்டினால் ஆயுள் கூடும். ஜெர்பராவுக்குத் தண்ணீர் குறைவாக இருக்கட்டும், அதிகம் நின்றால் தண்டு அழுகும். மின்விசிறிக்கு நேர் கீழேயும், பழக்கூடைக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிரவைக்கும், கார்னேஷனுக்கு அது சுத்தமாக ஆகாது. மீந்த மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மறுநாள் காலைக்கும் வரும்.

சரியில்லாமல் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கே, பெறுபவர் எடுத்த படத்தோடு கடைக்காரரிடம் சொல்லுங்கள். உள்ளூர்க் கடைக்காரர் பெரும்பாலும் மறுநாள் வேறு கட்டிக் கொடுத்துவிடுவார். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் வாடியது யார் தவறென்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நன்றாக இருந்தாலும் அந்தப் படத்தை அவருக்கு அனுப்புங்கள். தாம் கட்டிய பூ யார் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதே அபூர்வம். கூடையை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா சிரிக்கும் படம் ஒன்றை நான் கோவைக் கடை அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். இப்போது நான் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அவர் கேட்கிறார்: “பெரியம்மாவுக்குத்தானுங்களே? லில்லி வாசம் அவங்களுக்கு ஆகாதுன்னு போன தடவ சொன்னீங்க, மஞ்சக் கார்னேஷன் வைக்கட்டுங்களா?”